எத்தனை பேர் என்பது கடைசிக் கேள்வி

வாசகர் கேள்வி – பதில்

இயற்கைத் தலங்களிலும் தொன்மைச் சின்னங்களிலும் சுற்றுலாவைத் திட்டமிடுவது பற்றி வழிகாட்டிகள், மாணவர்கள், திட்டக் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: காட்டுக்குள் ஓர் அருவி. 2 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, நடந்து முடிக்க 2 மணி நேரம். தினம் 8 மணி நேரம் திறந்திருக்கும். 'ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம், எண்ணைச் சொல்லுங்கள்' என்கிறது மேலிடம். எப்படிக் கணக்கிடுவது?

1992இல் மிகேல் சிஃபுவெந்தெஸ் என்ற ஆய்வாளர் வகுத்த தாங்குதிறன் கணக்குதான் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று படிகள். முதலில், இடத்தில் எத்தனை பேர் கொள்ளும்? பிறகு, இயற்கை எவ்வளவைக் கழிக்கிறது? கடைசியாக, உங்களிடம் உள்ள ஆட்களால் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும்?

உங்கள் பாதைக்கே போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 1 மீட்டர், குழுவுக்கு 10 பேர், இரண்டு குழுக்களுக்கு நடுவே 50 மீட்டர் இடைவெளி. அப்படியானால் ஒரு குழுவுக்கு 60 மீட்டர் வேண்டும். 2,000 மீட்டரில் 33 குழுக்கள், அதாவது ஒரே நேரத்தில் 330 பேர். 8 மணி நேரத்தில் 4 சுற்று என்றால் 1,320. பாதையில் 300 மீட்டர் செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருக்கிறது என்று வையுங்கள். மொத்த நீளத்தில் அது 15 விழுக்காடு, 0.85ஆல் பெருக்கினால் 1,122. மழைக்காலத்தில் தினம் 2 மணி நேரம் நடக்க முடியாமல் போகிறது என்றால் 0.75ஆல் பெருக்கி, 841. காவலர், வழிகாட்டி, முதலுதவியாளர் என 10 பேர் வேண்டிய இடத்தில் 6 பேர்தான் இருக்கிறார்கள், 0.6ஆல் பெருக்க 504.

பெரும்பாலான அறிக்கைகள் இங்கேயே முடிந்துவிடும். தப்பும் இங்கேதான் நடக்கிறது. பாதை முழுவதும் ஒரே மாதிரி என்று கணக்கு நினைக்கிறது. வருகிறவர்களோ பாதைக்காக வருவதில்லை, அருவிக்காக வருகிறார்கள். அருவிக்கு எதிரே உள்ள மேடையில் 15 பேர்தான் நிற்க முடியும் என்றும், குழு ஒன்று அரை மணி நேரம் நிற்கும் என்றும் வையுங்கள். முதல் குழு வந்து சேரவும் கடைசிக் குழு திரும்பவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் மேடைக்குக் கிடைப்பது 6 மணி நேரம், 12 அரைமணிகள். 15 பேர் நிற்கும் மேடையில் 10 பேர் கொண்ட குழு ஒன்றுக்குத்தான் இடம். ஆக, ஒரு நாளைக்கு 120 பேர். 504 எங்கே, 120 எங்கே!

குழுவை 7 பேராக்கிப் பாருங்கள். இரண்டு குழுக்கள் சேர்ந்து நிற்கலாம். 14 பேர், 12 அரைமணி, 168 பேர். ஒரு பலகை கூட அடிக்காமல் 48 பேர் கூடிவிட்டார்கள். அதனால் முதலில் தேட வேண்டியது எண்ணையல்ல, கழுத்து இறுகும் இடத்தை. மேடை, பாலம், படகுத்துறை, ஒற்றைப் படிக்கட்டு என்று எங்கே வேண்டுமானாலும் அது இருக்கலாம். கம்போடியாவின் அங்கோர் வளாகம் பரந்து கிடக்கிறது. ஆனால் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் ஏறுவது ப்னோம் பக்கெங் என்ற ஒரு குன்றுக் கோயிலில். அங்கே மட்டும் ஒரே நேரத்தில் 300 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாது. வரும் விடையை 'உச்சவரம்பு' என்றே எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டே யாராவது அதை 'இலக்கு' என்று படிப்பார்கள்.

கேள்வி: மலைப்பாதை அரித்துப்போகிறது என்று நடப்பவர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினோம். இரண்டு ஆண்டாகியும் பாதை தேறவில்லை. ஏன்?

காலால் வரும் சேதம் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. மிதிபடாத நிலத்தில் முதல் சில நூறு மிதிகளிலேயே செடியில் பெரும்பகுதி போய்விடும், மண்ணும் இறுகிவிடும். அதற்கு மேல் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கொஞ்சம்தான். ஏற்கெனவே தேய்ந்த பாதையில் கூட்டத்தைப் பாதியாக்கினால் சேதம் பாதியாகாததற்குக் காரணம் இதுவே. 'கூட்டத்தைப் பல பாதைகளில் பரப்பிவிடலாம்' என்ற யோசனை பல இடங்களில் கெடுதலாய் முடிவதற்கும் இதுவே காரணம்: ஒரு காயம் இருந்த இடத்தில் ஐந்து காயமாகிவிடும். நடமாட்டம் மிகுந்த இடத்தில் ஒரே உறுதியான பாதையில் எல்லோரையும் நடக்கவிடுவதுதான் நல்லது.

உங்கள் பாதையை இப்போது அரிப்பது கால் அல்ல, தண்ணீர். சரிபார்ப்பது எளிது. ஒரு டென்னிஸ் பந்தைப் பாதை நடுவில் உருட்டிவிடுங்கள். சில அடிகளில் பள்ளத்துப் பக்க ஓரமாக வெளியேறினால் பாதை நன்றாயிருக்கிறது. பாதையோடு பாதையாக ஓடிக்கொண்டே இருந்தால், மழைநீரும் அப்படித்தான் ஓடும்.

பாதை அமைப்போர் பின்பற்றும் அளவுகள் இவை. பாதையின் சரிவு, அது குறுக்கே போகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 16 விழுக்காடு என்றால் பாதை 8க்குள். தாண்டினால் நீர் குறுக்கே கடக்காமல் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். மொத்தப் பாதையின் சராசரி 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். வெளி ஓரம் 5 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும்: 1 மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். அங்கங்கே பாதையைச் சற்று இறக்கி ஏற்றினால் நீர் அந்தத் தாழ்வில் வெளியேறிவிடும்.

இதையெல்லாம் செய்தும் கெடுவது எப்படி? நடக்க நடக்கப் பாதையின் நடுப்பகுதி அமுங்கிக் கிண்ணமாகும். வெளி ஓரத்தில் மண் வரப்பாக ஏறும். அந்த வரப்பு தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியால் வரப்பைச் சீவி எடுப்பதுதான் பராமரிப்பில் முக்கால் பங்கு. குறுக்கே பதிக்கும் மரக்கட்டைகளை நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை. பின்னால் வண்டல் நிறைந்ததும் நீர் கட்டையின் மேலேறிப் போகும், மனிதர்கள் கட்டையைத் தவிர்த்துப் பக்கவாட்டில் நடப்பார்கள், பாதை அகலும். சேற்றுக் குட்டையைச் சுற்றி நடப்பதும் அப்படித்தான்.

தேறுகிறதா என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். 100 மீட்டருக்கு ஓர் இடம் குறித்து, இரு ஓரத்திலும் முளை அடித்து, நடுவே கயிறு கட்டி, கயிற்றிலிருந்து தரை எவ்வளவு ஆழம் என்று ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளந்து வையுங்கள். அகலத்தையும் சேர்த்து.

கேள்வி: பழைய ஓவியங்கள் உள்ள குகை. சுவருக்கு முன்னால் கண்ணாடி வைத்து, ஃபிளாஷ் படத்தைத் தடை செய்திருக்கிறோம். போதுமா?

போதாது. கண்ணாடி கெடுக்கவும் கூடும்.

தொடுவதைக் கண்ணாடி தடுக்கும், மூச்சைத் தடுக்காது. சும்மா நிற்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் விளக்களவு வெப்பம் தருகிறார். மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் விடுகிறார். 20 பேர் அரை மணி நேரம் நின்றால் அரை லிட்டர் தண்ணீர். அது போய்ப் படிவது குகையிலேயே குளிர்ந்த பரப்பில், பல சமயம் ஓவியச் சுவரில். மூச்சிலுள்ள கரியமில வாயு அந்த ஈரத்தில் கரைந்து மென் அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும். பிறகு வேறிடத்தில் வெண்படலமாகப் படியவிடும். சுவரை ஒட்டிக் கண்ணாடி வைத்தால் இடையில் காற்று தேங்கி ஈரம் அடைந்துகொள்ளும். ஆளெட்டாத தூரத்தில் இடுப்பளவுத் தடுப்பு வைப்பது மேல்.

பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகை இதற்குப் பாடம். 1940இல் கண்டுபிடித்து 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1950களின் நடுவில் தினம் சுமார் 1,200 பேர். சுவரில் பச்சைப் பாசியும் வெண்படலமும் வந்து, 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடினார். நகல் குகை 1983இல்தான் திறந்தது. மூடிய பிறகும் பூஞ்சைத் தொல்லை விடவில்லை. ஸ்பெயினின் அல்தமீரா குகைக்குள் 2014இல் சோதனையாக வாரம் 5 பேரை, 37 நிமிடம் மட்டும் அனுப்பத் தொடங்கினார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: ஓராண்டு முழுக்க வெப்பநிலை, ஈரப்பதம், கரியமில வாயு மூன்றையும் தானாகப் பதியும் கருவிகளை வையுங்கள். ஆளில்லாத நாளில் அளவு என்ன, ஒரு குழு வெளியேறிய பின் பழைய அளவுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும். அந்த நேரம்தான் இரண்டு குழுக்களுக்கு இடைவெளி. கடிகாரம் பார்த்துக் குழுவை உள்ளே அனுப்பாதீர்கள், கருவியைப் பார்த்து அனுப்புங்கள். கூடவே, ஏ.சி. வைத்துப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். சுவருக்குள் சாதாரண உப்பு இருந்தால், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அது கரையும், கீழே இறங்கும்போது படிகமாகும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் பூச்சு ஒரு துளி பெயரும். ஏற்ற இறக்கம் இல்லாத ஈரம், ஏறி இறங்கும் வறட்சியைவிட நல்லது.

ஃபிளாஷைவிட நாள் முழுக்க எரியும் விளக்கைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். விளக்கைச் சுற்றி வட்டமாகப் பாசி வந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வந்திருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றி, குழு வரும்போது மட்டும் எரியும்படி வையுங்கள். படமெடுப்பதைத் தடுப்பதால் வேறொரு லாபம் உண்டு: நிற்கும் நேரம் குறையும்.

கேள்வி: சில ஆண்டுகள் முழுமையாக மூடிவிட்டால் இயற்கை தானே மீண்டுவிடாதா?

மீளும், திறந்த அன்றே பழைய கதை தொடங்கவும் செய்யும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள். கருமுனைச் சுறாக்கள் திரும்பின, பவளங்களை நட்டார்கள். அது நிலைக்க உதவியது மூடல் மட்டுமல்ல, திறந்த விதமும்தான். படகுகள் விரிகுடாவுக்குள் வர முடியாது. தீவின் பின்பக்கம் துறை கட்டி, அங்கிருந்து நடந்து வரச் செய்தார்கள். சுற்றுக்கு ஒரு மணி நேரம், தலைக்கணக்கு உண்டு, நீந்தத் தடை, ஆண்டில் இரண்டு மாதம் மூடல். பவளத்தை உடைத்ததில் நங்கூரத்துக்குப் பெரும் பங்கு. அதை வெளியே தள்ளியதுதான் எங்கள் கணிப்பில் மிகப் பெரிய மாற்றம்.

பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் மூடியிருந்தது. கடலுக்குள் விட்ட கழிவுநீர்க் குழாய்களைத் துண்டிக்க அந்த நாட்கள் பயன்பட்டன. மூடும் முன்பே, திறக்கும்போது எது மாறியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுத முடியவில்லையென்றால் மூட வேண்டாம். பிழைப்பவர்களின் வயிற்றில் அடித்ததுதான் மிச்சமாகும்.

கேள்வி: நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினால் கூட்டம் குறையுமா?

தொலைவிலிருந்து, பெரும் செலவு செய்து வருபவருக்குச் சிறு கட்டணம் பொருட்டே அல்ல. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், தெரிந்தெடுத்த 29 நாட்களில் பகலில் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ வாங்கியது. வசூல் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு வந்தது. அப்படியென்றால், வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பெருந்தொகை வைத்தால் கூட்டம் குறையும், பிழைப்பும் சேர்ந்து குறையும்: பூட்டான் 2022இல் ஓர் இரவுக்கு 200 டாலர் ஆக்கிய கட்டணத்தை அடுத்த ஆண்டே 100 ஆக்க வேண்டி வந்தது.

கட்டணத்தைக் கூட்டத்தைக் குறைக்கும் கருவியாக நினைக்காமல், நகர்த்தும் கருவியாக நினையுங்கள். காலை 10 முதல் 2 வரை ஒரு விலை, மற்ற நேரம் பாதி விலை. பருவம் தப்பிய மாதங்களில் இன்னும் குறைவு. நேரம் குறித்த டிக்கெட்டில் மட்டுமே இது வேலை செய்யும். நாள் டிக்கெட்டில் செய்யாது. விலையை மாற்றுமுன் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள், அடுத்த பருவத்து முன்பதிவை அவர்கள் எப்போதோ விற்றிருப்பார்கள்.

பணம் எங்கே போகிறது என்பதே உள்ளூரின் கேள்வி. ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைக் காண ஒரு குழுவுக்கு நாளைக்கு 8 பேர், ஒரு மணி நேரம்தான். 2017இல் அனுமதிக் கட்டணத்தை 1,500 டாலராக இருமடங்காக்கியபோது, பூங்காவைச் சுற்றி வாழும் மக்களுக்கான பங்கையும் பூங்கா வருவாயில் 5இலிருந்து 10 விழுக்காடாக ஏற்றினார்கள். விளைச்சலை விலங்கு தின்றதைப் பொறுத்துக்கொள்கிறவருக்கு ஏதாவது திரும்ப வராவிட்டால் அவர் எதற்குக் காவல் நிற்க வேண்டும்?

கேள்வி: நல்ல நிபுணர்களை வைத்துத் திட்டம் எழுதினோம். அலமாரியில் கிடக்கிறது. எங்கே தவறினோம்?

திட்டத்தில் 'மேம்படுத்துதல்', 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை யாராலும் அளக்க முடியாது, அதனால் யாராலும் செய்யவும் முடியாது.

1985இல் அமெரிக்க வனப் பணித்துறை ஒரு முறையை வெளியிட்டது. 'எத்தனை பேர்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எவ்வளவு மாற்றம் வரை ஏற்போம்?' என்று கேட்கச் சொன்னது அது. பழங்கோட்டைப் படிக்கட்டு ஒன்றுக்கு அந்த முறையில் ஒரு வரி எழுதிக் காட்டுகிறோம்:

'மேல்படிக்குக் கீழே காத்திருப்போர் வரிசை. விடுமுறை நாளில் 11 மணிக்கும் 1 மணிக்கும் வாயிற்காவலர் எண்ணுவார். 20 பேர் வரை பச்சை. 20 தாண்டினால் மஞ்சள். ஏறும் வழி, இறங்கும் வழி பிரியும். 40 தாண்டினால் சிவப்பு. கீழ்வாயிலில் 30 நிமிடம் டிக்கெட் நிறுத்தம். முடிவெடுப்பவர் வாயில் மேற்பார்வையாளர், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.'

எதை, யார், எப்போது, எந்த அளவில், என்ன செய்வது என்று ஐந்தும் அதில் இருக்கின்றன. கடைசி வாக்கியம்தான் உயிர். சிவப்பு வந்தபின் தலைமையகத்துக்குத் தொலைபேசி செய்து காத்திருந்தால் கூட்டமே கலைந்து போயிருக்கும். இப்படி எட்டு, பத்து வரிகள் போதும். நாற்பது குறியீடு வைத்த திட்டத்தில் இரண்டாம் ஆண்டு எதையும் அளக்க மாட்டார்கள். குறிப்பிட்ட இடத்திலிருந்து, அதே மாதம், அதே மணிக்கு எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். நிதி கேட்கப் போகும்போது அவை பேசும்.

அளவுகளில் ஒன்றாவது உள்ளூர் மனநிலை பற்றியதாக இருக்கட்டும். 1975இல் டாக்ஸி என்ற ஆய்வாளர் அதை நான்கு படியாகப் பிரித்தார்: வரவேற்பு, கண்டுகொள்ளாமை, எரிச்சல், பகை. ஆண்டுக்கு ஒருமுறை அதே கேள்விகளை அதே தெருக்களில் கேட்டால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும்.

கேள்வி: வாகனங்கள் சாலையோரம் நிற்கின்றன. பார்க்கிங்கைப் பெரிதாக்கலாமா?

அவசரப்படாதீர்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த உங்களிடம் உள்ள குழாய்த்திருகு அதுதான். முதல் கேள்வியில் வந்த 168 பேரை எடுங்கள்: காருக்கு 4 பேர், ஒரே இடத்தில் நாளைக்கு 3 கார் மாறி மாறி நிற்கும் என்றால் 14 கார் நிற்க இடம் போதும். 60 காருக்கு இடம் போட்டுவிட்டு வாயிலில் 168 பேர் என்று பலகை வைத்தால் தினம் சண்டைதான். பார்க்கிங்கைத் தலத்திலிருந்து தள்ளி வைத்து, சிற்றுந்து விடுவது நல்ல வழி. சிற்றுந்தின் இருக்கையும் இடைவெளியுமே தலைக்கணக்கைக் கட்டுப்படுத்திவிடும். சாலையோரத்தில் கல் நட்டு அடைக்காவிட்டால் இதில் எதுவும் பலிக்காது.

கழிப்பறையைப் பார்க்கிங் அருகிலேயே வையுங்கள், அருவி அருகில் அல்ல. நாள் கூட்டத்துக்கு அல்ல, உச்ச மணிக்கூட்டத்துக்குக் கணக்கிடுங்கள், பெண்களுக்கு இருமடங்கு. உறிஞ்சுகுழி நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலேயும் இருக்க வேண்டும். நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அளங்கள். கோடையில் அளந்து கட்டிய குழிகள்தான் பிறகு ஓடையில் நாறுகின்றன.

கேள்வி: அதிகம் தெரியாத இடங்களை இணையத்தில் ஊர்ப்பெயரோடு போடுவதைத் தடுக்க முடியுமா?

முடியாது. ஐஸ்லாந்தின் ஃபியாத்ரார்குல்யூஃபர் பள்ளத்தாக்கு இணையக் காணொளியால் ஒரே மூச்சில் பெயர் பெற்று, பாசிப்படுகை மிதிபட்டு, 2019இல் மூட வேண்டி வந்தது. அங்கே பாசி மீளப் பல்லாண்டுகள் ஆகும். கூட்டம் வந்தபின் பாதை போடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்பதால், அப்படி மென்மையான இடங்கள் உங்கள் எல்லைக்குள் எவை என்று இப்போதே பட்டியலிடுங்கள். அவற்றுக்காகக் கயிறும் முளைக்கம்பும் 200 மீட்டர் பலகைநடையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் இறக்கும்படி. பலகைநடையில் பலகைகளுக்கு நடுவே விரல்கடை இடைவெளி விட மறந்துவிடாதீர்கள். விடாவிட்டால் கீழே வெளிச்சமும் மழையும் போகாது, காப்பாற்ற வந்த பாசியே முதலில் செத்துப்போகும்.